பூட்டிய பிறகும் ஓடிய தண்ணீர்

அண்ணா,

இன்று காலை கையுறையைக் கழற்றியபோது மறுபடியும் அந்த வாடை. இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் தித்திப்பு வாடை. மெல்பேர்னின் ஜூலை மாதத்துக் குளிர். கார்க் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டு, மல்கிரேவிலிருந்து ஊரின் மறுகோடிக்கு, நம்முடைய விமான நிலையத்துக்கு, வண்டி ஓட்டி வந்திருந்தேன். மூன்று விமானங்களின் இறக்கைகளில் உறைபனி. அதைக் கரைக்கக் கிளைக்கால் கலவையைச் சுடச்சுடப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். தளத்தின் வடிகாலில் இறங்கிய தண்ணீரைச் சோதனைக்காக ஒரு குப்பியில் பிடித்தேன். அவ்வளவுதான், கையெல்லாம் அந்த வாடை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது வந்து நிற்கும். உங்களுக்குத் தெரியாததா?

வாடை வந்ததும் உங்கள் நினைவு வந்து கண் கலங்கியது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மையில் முதலில் வந்தது எரிச்சல். இந்தக் குளிர்காலத்திலிருந்து எங்கள் கைப்பேசிகளில் புதிதாக ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பனிக்காலை வேலைகளையெல்லாம் இனி அதில்தான் பதிய வேண்டுமாம். முதல் கேள்வியே இப்படி இருக்கிறது: "வால்வ் செக்யூர்ட்?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். செக்யூர்ட் என்றால் மூடியதா, பூட்டியதா? தளத்தின் நடுவில் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். எரிபொருள் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இறந்துபோனவர்களைத் திட்டக் கூடாதாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது என்னைத் திட்ட விட்டீர்களா? வாயைத் திறந்தால் போதும், "அதை விடும்" என்பீர்கள். இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கேளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே நாம் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? ஈரோட்டில் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தவள் நான். ஸ்பான்சர் விசாவில் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு வந்திருந்தேன். நீங்கள் கனடாவின் ஒரு விமான நிலையத்தில் ஏழு குளிர்காலம் பனி கரைத்துவிட்டு, கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். அலுவலகத்தில் தமிழ் பேச ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நான் துள்ளிக்கொண்டு வந்தால், நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீர் எந்த ஊர்?"

நீராவது! ராஜா ராணி நாடகத்தில்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், அதுவும் கோபத்தில் பேசும்போது. முகம் சுண்டிப்போய்விட்டது எனக்கு. "என்ன சார், நீர் கீர்னு பேசறீங்க?" என்றேன். உங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது மரியாதைதான் பிள்ளை. நீ எண்டும் இல்லை, நீங்கள் எண்டும் இல்லை, நடுவில. நாங்கள் ரெண்டு பேரும் மழைநீர்ப் பகுதியிலதானே வேலை செய்யிறம். நீர் எண்டு கூப்பிடாமல் வேற என்னெண்டு கூப்பிடுறது?" அன்றைக்கே நான் உங்களை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதிலும் குறை கண்டுபிடித்தீர்கள். "அண்ணா எண்டா ஆரோ சினிமாக்காரி கூப்பிடுற மாதிரி இருக்கு. அண்ணை எண்டு சொல்லும்." எனக்கு அந்த ஐகாரம் வாயில் நுழையவே இல்லை.

உங்கள் தமிழ் எனக்குத் தலைகீழாகத்தான் இருந்தது. ஒருநாள் "திறப்பு எங்கை?" என்று கேட்டீர்கள். நான் சுவரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடினேன். சாவியைக் கேட்டீர்களாம். பூட்டுகிற சாமானுக்குத் திறப்பு என்று பேர் வைத்தவர்களை என்ன சொல்வது? மாட்டேன் என்று சொல்லாமல் நானும் கற்றுக்கொண்டேன். நாற்காலி கதிரையானது, சமையலறை குசினியானது, பைத்தியம் விசரானது, எல்லாம் வந்தது. ஆனால் ஒரே ஒரு சொல் விட்டுப்போனது. அந்தச் சொல்தான் நம் இருவரையும் கவிழ்த்தது.

குளத்தை நீங்கள் எனக்குக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. குளம் என்றால் குளமா அது! சிமெண்டுக் கரை போட்ட ஒரு பள்ளம். விமானங்கள் நிற்கும் தளத்தில் விழுகிற மழைத் தண்ணீரெல்லாம் அதில் வந்து சேர்ந்து, மறுபக்கத்துக் குழாய் வழியாக வேலிக்கு வெளியே ஓடையில் விழும். குழாயின் வாயில் ஒரு பெரிய வால்வு. இரண்டு கையாலும் சுழற்ற வேண்டிய சக்கரம். யாரும் விளையாட்டுக்குத் திருப்பிவிடக் கூடாது என்று சங்கிலியும் ஆமைப்பூட்டும். வழக்கமான நாளில் வால்வு திறந்தே இருக்கும், மழை அதன்பாட்டில் ஓடைக்குப் போகும். பனிக்காலையில் மட்டும், கலவையைத் தெளிப்பதற்கு முன்பே, மூடிவிட வேண்டும். தெளித்த தண்ணீரைக் குளத்திலேயே பிடித்து வைத்து, சோதித்து, டாங்கர் வைத்து எடுக்க வேண்டும்.

"இது விஷம் இல்லைத்தானே அண்ணா?" என்று கேட்டேன். "விஷம் எண்டா எல்லாரும் பயந்து ஒழுங்கா இருப்பாங்களே" என்றீர்கள். அதன் பிறகு, உங்களுக்கே உரிய அந்த எரிச்சலோடு விளக்கினீர்கள். கிளைக்கால் ஒரு வகைத் தித்திப்பு. ஓடையில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை விருந்தாகச் சாப்பிடும். சாப்பிடச் சாப்பிடத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துத் தீர்த்துவிடும். மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். இதை மேலாளரிடம் நீங்கள் சொல்லாத கூட்டம் கிடையாது. தானாக மூடுகிற வால்வு கேட்டீர்கள், இரண்டாவது குளம் கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: இது என்ன கனடாவா, வருஷத்தில் பனி விழுவது சில காலைகள்தானே?

கூட்டம் முடிந்து வெளியே வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவீர்கள். "அங்கை ஒவ்வொரு நாளும் பனி. அதால ஒருத்தரும் மறக்க மாட்டாங்கள். இஞ்சை எப்பவாவது ஒருநாள். அதாலதான் மறப்பாங்கள். இது ஏன் உந்த மண்டையளுக்கு விளங்குதில்லை?" எனக்கு விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்? கடைசியில் கவிழ்த்தது அவர்கள் இல்லையே.

அது நடந்த வாரம் நீங்கள் சிடுசிடுவென்று இருந்தீர்கள். அதற்கு முந்தைய நாள் ஏதோ மாதிரிக் குப்பிகளின் எண்களை இரண்டாவது தடவை நான் கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டீர்கள். "ஒருக்காச் சொன்னா விளங்காதே? எத்தினை தரம் கேப்பீர்?"  வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் அழுதுகொண்டே போனேன். இனிமேல் இவரிடம் இரண்டாவது தடவை கேட்டால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ரோஷக்காரி!

மறுநாள் காலை உறைபனி. நீங்கள் தளத்தில் தெளிக்கும் வண்டியோடு மாட்டிக்கொண்டீர்கள். நான் குளத்தடியில் நின்றேன். கைப்பேசியில் கூப்பிட்டீர்கள். "பிள்ளை, அடிக்கப் போறாங்கள். வால்வைப் பூட்டிப்போட்டு வாரும்."

பார்த்தேன். சங்கிலி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆமைப்பூட்டு வாயைப் பிளந்தபடி வேலியில் மாட்டியிருந்தது. யாரோ பூட்டாமல் போய்விட்டார்கள், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சக்கரத்துக்குள் சங்கிலியை விட்டு, இழுத்து, பூட்டை அழுத்தினேன். கிளிக். மறுபடி உங்களைக் கூப்பிட்டேன்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சுண்ணா."

"சரி, வாரும்."

இரண்டு பேரும் சுத்தமான தமிழில்தான் பேசினோம். இரண்டு பேருக்கும் அர்த்தம் சரியாகவே புரிந்தது. மத்தியானம் குளத்தைச் சோதிக்க நாம் சேர்ந்து போனபோது, நிரம்பி நிற்க வேண்டிய குளத்தில் முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. குழாயின் வாயில் நுரை கட்டியிருந்தது.

"பூட்டேல்லையோ?" என்று கத்தினீர்கள்.

"பூட்டியிருக்கேன், பாருங்கண்ணா!" என்று நானும் கத்திக்கொண்டு ஆமைப்பூட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். நீங்கள் பூட்டைப் பார்த்தீர்கள், சக்கரத்தைப் பார்த்தீர்கள், கடைசியில் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "ஐயோ பிள்ளை. பூட்டு எண்டா மூடுறது. வீட்டில பைப்பைப் பூட்டு எண்டு சொல்லுறேல்லையே?"

"எங்க வீட்டுல பைப்பை மூடுன்னு சொல்வோம். பைப்புக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா?"

"நீர்தானே போட்டு வைச்சிருக்கிறீர்!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்களா அழுதீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி எறிந்து, அந்தச் சக்கரத்தை மூச்சு வாங்கச் சுழற்றி மூடினீர்கள். வெறும் குளத்துக்கு வால்வை மூடி என்ன செய்ய?

மூன்றாம் நாள் ஓடை நாறியது. நடக்கப் போன ஒரு அம்மா நாயோடு நின்று புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டார். ஆளுக்கொரு வாளியோடு நாம் இறங்கினோம். விரல் நீளத்து மீன்கள், வெள்ளை வயிறு மேலே தெரிய, புல்லோரமாக ஒதுங்கிக் கிடந்தன. நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கென்று இன்னொருவரை அனுப்பியிருந்தார்கள். ஒரு விலாங்கு மட்டும் உயிரோடு இருந்தது. தண்ணீரைவிட்டு வெளியே வந்து, கரைச் சேற்றில் தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. நீங்கள் அதை வாளியில் தூக்கிக்கொண்டு ஓடையின் மேல்பக்கம், நல்ல தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடினீர்கள். அது பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அப்போது மீனைப் பற்றிய கவலைகூட இரண்டாவதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தகுதிகாண் காலம் முடியவில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கான மனு நிலுவையில் இருந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். மகள் அப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். விசாரணைக்கு முந்தைய இரவு கணவர் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

விசாரணையில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை மேலாளர் வாசித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் மூன்றே வரி. வால்வை லாக் பண்ணும்படி நான் சொன்னேன். நான் சொன்னபடியே அவர் லாக் பண்ணினார். தவறு என் சொல்லில் இருக்கிறது. அவ்வளவுதான்! திறந்திருக்கிற வால்வை லாக் பண்ணச் சொல்வார்களா என்று கேட்டார்கள். "அப்படித்தான் சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டீர்கள். நான் எழுந்து, அது அப்படி இல்லை, அவருடைய தமிழில் அந்தச் சொல்லுக்கு மூடுவது என்று பொருள் என்று விளக்கப் போனேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தீர்கள். வலித்தது.

வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன். "ஏண்ணா பொய் எழுதினீங்க?"

"எது பொய்? பூட்டச் சொன்னனான். பூட்டினீர். இதில எந்தச் சொல் பொய்?"

"உங்க தமிழ் வேற, எங்க தமிழ் வேறன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருக்கலாமே."

"உந்த வெள்ளைக்காரருக்குத் தமிழில எத்தினை தமிழ் எண்டு நான் இப்ப வகுப்பெடுக்கவோ? என்ர பாஸ்போட் இந்த ஊர்ப் பாஸ்போட். என்னை எங்கை அனுப்பப் போறாங்கள்? நீர் சும்மா இரும். அதை விடும்."

அதை விடும்! அன்று ஆரம்பித்தது அந்த வார்த்தை. உங்களை வேலையைவிட்டு அனுப்பவில்லைதான். ஆனால் பனி வேலையிலிருந்து எடுத்து, கார் நிறுத்துமிடத்துச் சாக்கடைகளுக்கு மாற்றினார்கள். அந்த விமான நிலையத்திலேயே பனியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் சாக்கடை மூடியைத் தூக்கிச் சாக்லேட் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார். குளமும் வால்வும் யார் கைக்கு வந்தது? என் கைக்கு! பூட்டத் தெரியாதவளிடம் திறப்பைக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே தானாக மூடுகிற வால்வுக்கு ஆர்டர் போனது என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. வேலியில் ஒரு மஞ்சள் பலகை மாட்டினார்கள், அவ்வளவே. இன்றுவரை அதே சக்கரம்தான்.

கார் நிறுத்துமிடத்தில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பி நடக்கப் பார்ப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "என்ன பிள்ளை, பூட்டியாச்சா?" என்று கேலி வேறு. என்னால் சிரிக்க முடியாது. ஏன் என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று காலை சங்கிலியைக் கோர்த்துப் பூட்டை அழுத்தியபோது, எனக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குளத்தில் மிச்சமிருந்த மழைத் தண்ணீர் குழாயின் வாயிலிருந்து சளசளவென்று ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. பிடித்து வைக்க வேண்டிய நாளில் ஏன் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் நின்றேன். அண்ணாவைக் கேட்கலாமா என்று நினைத்தேன். எத்தினை தரம் கேப்பீர் என்ற உங்கள் குரல் உடனே வந்தது. அவருக்குத் தெரியாததா, ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உங்களைக் கூப்பிட்டுப் பூட்டியாச்சு என்றேன். வார்த்தை குழம்பியதால் வந்த விபத்து என்று எல்லாரும் நம்பினார்கள். வார்த்தை குழம்பியது உண்மை. ஆனால் என் காது குழம்பவில்லை.

இதைச் சொல்லாமல் உங்கள் தியாகத்தை வாங்கிக்கொண்டேன். குடியுரிமைச் சடங்கில் கொடி பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் புகைப்படத்தை நடு வீட்டில் மாட்டியவர் கணவர். நான் அதற்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை.

நீங்கள் மகளோடு இருக்க சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போன பிறகு, நோய் என்று கேள்விப்பட்டு விமானம் ஏறி வந்தேன். பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்தேன். நீங்கள் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, எதிர்க் கட்டடத்தின் கூரைத் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பாரும், உந்தக் குழாயை எவ்வளவு சின்னனாப் போட்டிருக்கிறாங்கள். ஒரு மழைக்குத் தாங்காது." உயிர் போகிற நேரத்திலும் வடிகால்!

"அண்ணா, அன்னிக்குக் குளத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடும்."

"இல்லண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"விடும் எண்டு சொல்லுறன்." இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என்னைக் காப்பாற்றுகிறீர்கள், என் வெட்கத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று நினைத்து உருகிப்போய்த் திரும்பினேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அண்ணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்தார். எனக்கென்று கட்டி வைத்திருந்த வடைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தபடியே, மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்களைப் பற்றித்தான் கடைசியில நெடுகக் கதைச்சவர். அந்தப் பிள்ளை பூட்டியாச்சு எண்டு ஃபோனில சொல்லேக்க, பின்னால தண்ணி ஓடுற சத்தம் எனக்குக் கேட்டது, நான் கேக்காமல் விட்டிட்டன் எண்டு சொல்லுவார். முதல்நாள்தானாம் உங்களை எல்லாருக்கும் முன்னால ஏசினவர். திருப்பிக் கேட்டால் நம்பாத மாதிரி இருக்கும், இன்னும் நொந்துபோவா எண்டு விட்டவராம். அந்த மீனெல்லாம் என்ர காதாலதான் செத்தது எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தவர்."

வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி நான் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவினார். நான் அழவில்லை அண்ணா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம்! நீங்கள் பெரிய மனதோடு என் பிழையைத் தூக்கிச் சுமந்தீர்கள் என்று நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். நீங்களோ உங்கள் பிழையைத்தான் சுமந்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் முகத்தைத் திருப்பியது என் வெட்கத்துக்காக இல்லை, உங்கள் வெட்கத்துக்காக. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கார் நிறுத்துமிடத்தில் சாக்கடை மூடி மேலே உட்கார்ந்து இரண்டு பேரும் தலையிலடித்துக்கொண்டு சிரித்திருக்கலாம். அதையும் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே. உங்கள் தமிழிலும் பூட்டினீர்கள், என் தமிழிலும் பூட்டினீர்கள்.

நானும் யோக்கியம் இல்லை. எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது. நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதை ஆங்கிலத்தில் என் மகளுக்கு விளக்கப் பார்த்தேன். "ஹேர்ட் பட் டிடின்ட் ஆஸ்க், அவ்வளவுதானேம்மா, ரெண்டும் வேற வேற சொல்லு" என்றாள். அவளுக்கு அது இரண்டு சொல். நமக்கு ஒன்றுதான், அதில்தான் நாம் வழுக்கினோம்.

சரி, செயலிக்கு வருகிறேன். போன மாதக் கூட்டத்தில் நான் எழுந்து, செக்யூர்ட் என்ற சொல்லை எடுங்கள் என்றேன். மூடியதா என்று ஒரு கேள்வி, பூட்டியதா என்று ஒரு கேள்வி, தண்ணீர் ஓடுகிறதா என்று மூன்றாவது கேள்வி வையுங்கள் என்றேன். செயலி செய்து கொடுத்த பையன்கள் வீடியோவில் இருந்தார்கள். மூன்று கேள்வி வைத்தால் ஆட்களுக்கு அலுப்பாக இருக்குமாம். புது மேலாளர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு, மூடுவதும் பூட்டுவதும் ஒன்றுதானே என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த அறையையே மூடிப் பூட்டியிருப்பேன். ஒரு ஓடையில் மீன் செத்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். என் காதுக்குக் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன், அண்ணா. முதல் தடவையாக, எல்லார் முன்னாலும்.  அதன் பிறகு அந்தப் பையன்களில் ஒருவன், கருத்துகள் என்று ஒரு காலிக் கட்டம் இருக்கிறது, அதில் எழுதிக்கொள்ளலாமே என்றான். அவ்வளவுதான் நம் வெற்றி. ஒரு காலிக் கட்டம்.

இன்று காலை குளத்தடியில் நின்றவர் நேபாளத்துக்காரர், என்னைவிட மூத்தவர், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான். தளத்திலிருந்து நான் கூப்பிட்டேன். தெளிக்கும் வண்டிக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். விமானத்துக்குள் பயணிகள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். வால்வு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"செக்யூர்ட், மேடம்" என்றார்.

"மூடினீர்களா?" என்றேன். "மூடினேன்" என்றார். "குழாய்க்குப் பக்கத்தில் போய் ஃபோனை நீட்டிப் பிடியுங்கள்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனார். பூட்ஸ் சரளையில் நொறுங்குவது கேட்டது. பிறகு காற்று. எங்கோ ஒரு மேக்பைப் பறவை கூவியது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டினார். நான் விரலை உயர்த்தி அவரை நிறுத்தினேன்.

"இன்னும் ஒரு தடவை பிடியுங்கள்" என்றேன் நேபாளத்துக்காரரிடம். பெருமூச்சு விட்டார். எரிச்சல்தான், பின்னே? பிடித்தார்.

இரண்டு தரம் கேட்டேன், அண்ணை.